யார் போட்ட சோறு? பயில்வான்களின் பசி வரலாறு

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)



போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி எழுதியிருந்தார். ஜிம்முக்குப் போக ஆரம்பித்து நாலு மாசம் ஆகிறதாம். "ராத்திரி பதினோரு மணிக்கு வயிறு கிள்ளுதுண்ணே. தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்கறேன். அந்தக் காலத்துப் பயில்வான்கள்லாம் பசிய எப்படி அடக்கினாங்க? அத வெச்சு ஒரு எபிசோடு போடுங்க" என்று கேட்டிருந்தார்.

ஒரு வரியில பதில் சொல்லிடலாம். அவங்க அடக்கலை தம்பி, சாப்பிட்டாங்க. ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னால இன்னொரு கேள்வி நிக்குது. அவ்வளவு சாப்பாட்டுக்கு யார் காசு கொடுத்தாங்க? பலத்தோட வரலாறுன்னு நாம படிக்கிறதெல்லாம் யார் யாரைத் தோற்கடிச்சாங்க, எவ்வளவு எடை தூக்கினாங்கங்கிற கணக்கு. இன்னிக்கு நாம பார்க்கப்போறது அதுக்கு அடியில இருக்கிற சாப்பாட்டுக் கணக்கு.

மூணாவது செட்

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன், சின்னதுதான். 2004, ராஜபாளையம். காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், ஒரு மாடியில், தகரக் கொட்டகை போட்ட ஜிம். சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் ஸ்குவாட்டில் மூணாவது செட் போகும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாஸ்டர் ஓடிவந்து பாரைப் பிடித்துவிட்டார். இல்லைன்னா இன்னிக்கு இந்த எபிசோடு கிடையாது.

உட்காரவைத்து, தண்ணி கொடுத்து, அவர் கேட்ட முதல் கேள்வி: "காலைலேர்ந்து என்ன சாப்ட்ட?"

மூணு இட்லி. மத்தியானம் டப்பாவில் தயிர் சாதம். அவ்வளவுதான்.

"அது நீ காலேஜுக்குப் போயிட்டு வர்றதுக்குச் சரி. இரும்பு தூக்கறதுக்கு எங்கடா சோறு?"

என்னிடம் பதில் இல்லை. ராத்திரி எனக்கும் வயிறு கிள்ளும். ஆனால் பசியைத் தாங்குவதுதான் கட்டுப்பாடு, பசிக்குது என்று சொன்னால் தோற்றுப்போனதாக அர்த்தம் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கேட்கவும் கூச்சம். அப்பா மில் தொழிலாளி. வீட்டில் நாங்க ஐந்து பேர்.

அன்றைக்கு மாஸ்டர் கேட்ட கேள்வியை வைத்துத்தான் இந்த வரலாற்றைப் பார்க்கப் போகிறோம். எங்கே சோறு?

ராஜா வீட்டுக் கறவை

இந்தக் கேள்வியைக் காமா பயில்வானிடம் கேட்டால் பதில் சுலபம். ராஜா வீட்டில்.

காமா 1878இல் பிறந்தவர். இயற்பெயர் குலாம் முகமது. அப்பாவும் பயில்வான்தான். காமா சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். தாய்வழி உறவினர்கள் வளர்த்தார்கள், தத்தியா சமஸ்தானத்து ராஜா ஆதரித்தார். 1888இல் ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி வைக்கிறார். யார் அதிகமாகப் பஸ்கி எடுக்கிறார்கள் என்று பார்க்கும் போட்டி. நானூறு பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். கடைசிவரை நின்ற பதினைந்து பேரில் பத்து வயசுக் காமாவும் ஒருவர். அந்த வயசுக்காகவே அவரைத்தான் வென்றவராக அறிவித்தார்கள்.

1910இல் லண்டன் போகிறார். வங்காளத்துச் செல்வந்தர் சரத் குமார் மித்ரா செலவை ஏற்றுக்கொண்டார். செப்டம்பர் 10ஆம் தேதி, போலந்துக்காரர் ஸ்பிஷ்கோவுடன் மல்யுத்தம். ஸ்பிஷ்கோ தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தும் முடிவு வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி மோத வேண்டும் என்றார்கள், ஸ்பிஷ்கோ வரவில்லை. ஜான் புல் பெல்ட் காமாவுக்கு வந்தது. 1928இல் பாட்டியாலா மகாராஜா அதே இருவரையும் மறுபடி மோதவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, காமா ஜெயித்துவிட்டார்.

இது எல்லாருக்கும் தெரிந்த கதை. சாப்பாட்டுக்கு வருவோம். வடநாட்டு மல்யுத்தத்தில் பயில்வானின் சாப்பாட்டுக்குத் தனிப் பெயரே இருக்கு. 'குராக்' என்பார்கள். பால், நெய், பாதாம் மூன்றும்தான் குராக்கின் தூண்கள். ஜோசப் ஆல்டர் என்ற மானுடவியலாளர் காசியில் அக்காடாக்களில் பழகி, 1992இல் பயில்வான்களின் உடம்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் பயிற்சிக்குக் கொடுக்கிற இடத்துக்குக் குறையாத இடத்தைப் பாலும் நெய்யும் பிடித்துக்கொள்கின்றன.

காமாவின் குராக் பற்றி ஒரு பட்டியல் சுற்றுகிறது. உங்க வாட்ஸப்புக்கும் வந்திருக்கும். ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் பால், அரை லிட்டர் நெய், அரைத்த பாதாம் அரைக்கிலோவுக்கு மேல், ஆறு நாட்டுக்கோழி. சொல்பவருக்குத் தகுந்தபடி அளவு கூடும், குறையும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 600 கலோரி. பத்து லிட்டருக்கு 6,000. எருமைப்பால் என்றால் இன்னும் கூடும். அரை லிட்டர் நெய் சுமார் 4,000. பாதாமும் கோழியும் சேராமலேயே பத்தாயிரம் ஆகிவிட்டது. உடலுழைப்பு உள்ள ஒரு ஆளுக்கு மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு போதும். காமா அப்போது சுமார் 90 கிலோ எடை. ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார் என்றே வைத்துக்கொண்டாலும், தினமும் இது நடந்தது என்று என்னால் நம்ப முடியலை.

ஆனா பட்டியலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அதை வேற மாதிரிப் படிச்சுப் பார்க்கலாம். அது காமாவோட வயிற்றின் அளவைச் சொல்லலை, ராஜாவோட கஜானா அளவைச் சொல்லுது. 'என் பயில்வான் பத்து லிட்டர் பால் குடிப்பான்' என்றால் 'என் கொட்டிலில் அத்தனை கறவை இருக்கு' என்று அர்த்தம். யானை கட்டித் தீனி போடுவது என்று நாமும் சொல்வோமே, அந்த மாதிரி.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. 1947க்குப் பிறகு சமஸ்தானங்கள் போயின. காமா லாகூர்க்காரராகப் பாகிஸ்தானில் வாழ்ந்து 1960இல் இறந்தார். கடைசிக் காலத்தில் நோயும் பணக் கஷ்டமும். தோல்வியே காணாத உடம்பு, பால் ஊற்ற ஆள் இல்லாதபோது சாதாரண உடம்பாகிவிட்டது. பலம் அவருடையதாக இருந்தாலும் தீனி என்றைக்கும் அவர் கையில் இருந்ததில்லை.

கஞ்சித் தண்ணி கேட்ட வருஷம்

ராஜா இல்லாதவன் என்ன செய்வான்? அதற்கு வங்காளத்துக்குப் போகணும். அங்கே நமக்குத் தேவையான ஆள் ஒருத்தர் இருக்கார். ஆனால் அவரைப் பார்க்கும் முன் அவர் வாழ்ந்த காலத்தைப் பார்த்துவிடுவோம்.

1943. வங்காளப் பஞ்சம். செத்தவர்கள் முப்பது லட்சம் பேர்வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கிராமங்களிலிருந்து மக்கள் கல்கத்தாவுக்கு நடந்தே வந்தார்கள். அந்த நாட்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் எல்லாம் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. வாசலில் நின்றவர்கள் சோறு கேட்கவில்லை. சோறு கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். சோறு வடித்த கஞ்சித் தண்ணியைக் கேட்டார்கள். நாம் மாட்டுத் தொட்டியில் ஊற்றும் அதே தண்ணி.

இந்தக் கஞ்சித் தண்ணியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

ஏறக்குறைய அதே சமயத்தில் பூமியின் மறுபக்கத்தில் பசியை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில், மினசோட்டா பல்கலைக்கழகம். போர் முடிந்ததும் பட்டினி கிடந்த ஐரோப்பாவுக்குச் சோறு போட்டாக வேண்டும். எவ்வளவு போடுவது, எப்படிப் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். மனசாட்சியை முன்னிட்டுப் போருக்குப் போக மறுத்தவர்கள் இவர்கள். தாங்களாகவே முன்வந்தவர்கள். 1944 நவம்பரில் ஆரம்பம். முதல் மூன்று மாசம் நாளைக்குச் சுமார் 3,200 கலோரி. பிறகு 24 வாரம் அதில் பாதி, சுமார் 1,570. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும்.

என்ன ஆச்சு? எடையில் கால்வாசி போய்விட்டது. பலம் போனது. சிரிப்பு போனது. பெண்களைப் பற்றிய நினைப்பும் போனது. ஒன்று மட்டும் கூடியது, சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்துக் கதை படிப்பதுபோலப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சாப்பாட்டில் தண்ணியைக் கலந்து பெருக்கினார்கள். இவர்கள் யாரும் மன உறுதி இல்லாதவர்கள் கிடையாது. ஊரே போருக்குப் போகும்போது போக மாட்டேன் என்று தனியாக நின்றவர்கள். அவர்களையே பசி இப்படி ஆக்கிவிட்டது. பசியை மன உறுதியோடு மோதவிட்டால் யார் ஜெயிப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம்ம தம்பியோட கேள்விக்கு நேரா தொடுற இடம் இதுக்கு அப்புறம்தான் வருது. பட்டினிக் காலம் முடிந்து நல்ல சாப்பாடு போட ஆரம்பித்த பிறகும் அவர்களுக்குப் பசி அடங்கவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்றார்கள். 1990களில் அந்தப் பழைய தரவுகளை மறுபடி ஆராய்ந்தார்கள். போன கொழுப்பு திரும்பி வந்த பிறகும் பசி நீடித்தது. போன தசை திரும்பும்வரை பசி விடவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது. அதாவது கொழுப்பு மட்டும் சாப்பாடு கேட்பதில்லை, தசையும் கேட்கிறது.

பட்டினி கிடந்தவனும் ஜிம்முக்குப் போகிறவனும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அந்த ஒப்பீடே தப்பு. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு வருகிற அந்தப் பசியை ஒழுக்கக்கேடு என்று நினைக்க வேண்டாம். கட்டுமான வேலை நடக்கிறது, செங்கல் வரவில்லை என்று உள்ளேயிருந்து வருகிற புகார் அது.

ஜெயில் சோறும் பழைய சோறும்

இப்போ நம்ம ஆள். மனோகர் ஐச். இன்றைய வங்கதேசத்தில், கொமில்லா மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். உயரம் நாலடி பதினோரு அங்குலம். பன்னிரண்டு வயசில் காலா அசார் என்ற காய்ச்சல் வந்து சாகக் கிடந்தார். பிழைத்தபோது எலும்பும் தோலும்தான் மிச்சம். தண்டால், பஸ்கி என்று எடுத்துத்தான் உடம்பைத் திரும்பப் பெற்றார். கொஞ்ச நாள் மந்திரவாதி பி.சி. சர்க்காரின் நிகழ்ச்சிகளில் இரும்புக் கம்பியை வளைத்துக் காட்டினார்.

1942இல் பிரிட்டிஷ் விமானப்படையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இந்தியர்களைக் கேவலமாகப் பேசிய ஒரு ஆங்கிலேய அதிகாரியை அறைந்துவிட்டார். ஜெயில். உள்ளே கருவி எதுவும் கிடையாது. ஒருநாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூடப் பயிற்சி செய்ததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்த ஜெயில் அதிகாரிகள் அவருக்குத் தனியாக நல்ல சாப்பாடு ஏற்பாடு செய்தார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. அவர் ஜெயிலில் இருந்த வருஷங்களுக்கு நடுவில்தான் 1943 வருகிறது. வெளியே, அவருடைய வங்காளத்தில், கஞ்சித் தண்ணிக்குக் கையேந்தி ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பயில்வானுக்குச் சோறு போட்டதோ அவர் அறைந்த அதே அரசாங்கத்தின் ஜெயில். எனக்கு இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் என்னவோ போல இருக்கும். அவர் மேல் தப்பில்லை. சோறு எந்தக் கதவு வழியாக வரும் என்பதை அந்தக் காலத்தில் சாப்பிடுகிறவன் தீர்மானிக்கவில்லை.

1947இல் சுதந்திரம், விடுதலை. ஜெயிலோடு ஜெயில் சாப்பாடும் போய்விட்டது. குடும்பம் இருக்கிறது, வேலை இல்லை. சியால்தா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றார். விற்றுக்கொண்டே பயிற்சியையும் விடவில்லை. 1951இல் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டி. உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவில் இரண்டாம் இடம். ஊருக்குத் திரும்பவில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கினார். 1952இல் அதே பிரிவில் பட்டம் வென்றார்.

அந்த லண்டனும் வயிறாரச் சாப்பிட்ட ஊர் இல்லை. போர் முடிந்து ஏழு வருஷம் ஆகியும் இறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, சர்க்கரை எல்லாம் ரேஷன். இறைச்சி ரேஷன் 1954 வரை இருந்தது. கூலி வேலையும் பார்த்து, ரேஷன் ஊரில் உடம்பையும் காப்பாற்றி, அவர் பட்டம் வாங்கினார்.

என்ன சாப்பிட்டார்? இங்கேதான் நமக்கு ஒரு சொந்தக்காரர் கிடைக்கிறார். ஐச் தன் பலத்துக்குக் காரணமாகச் சொன்ன ஒன்று 'பாந்தா பாத்'. ராத்திரிச் சோற்றில் தண்ணி ஊற்றிவைத்து, காலையில் உப்பும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துச் சாப்பிடுவது. ஆமா, நம்ம பழைய சோறு. அந்தத் தண்ணி நம்ம நீராகாரம். அதில் மூன்று ஆள் பலம் இருக்கிறது என்கிற மாதிரி வங்காளத்தில் ஒரு சொலவடையும் உண்டு.

உடனே 'பழைய சோறு சாப்பிட்டு மிஸ்டர் யுனிவர்ஸ் ஆன தமிழரின் சூப்பர் ஃபுட்' என்று ஃபார்வர்டு பண்ணிடாதீங்க, ப்ளீஸ். பழைய சோறு பெரும்பாலும் மாவுச்சத்துதான். அது மட்டும் தசை வளர்க்காது. ஐச் தட்டில் பருப்பு இருந்தது, மீன் இருந்தது, காய்கறி, பால், பழம் இருந்தது. அவை முடிந்தபோது வந்தன, முடியாதபோது குறைந்தன. பாந்தா மட்டும் தினமும் இருந்தது. என்னைப் பொறுத்தவரை அவர் கண்டுபிடித்த ரகசியம் அதுதான். ராஜா வீட்டுக் குராக் ஒருநாள் நின்றுவிடும். தன் கையால், தன் கூலியில், நாளைக்கும் நாளை மறுநாளும் போட முடிந்த சோற்றை அவர் அடித்தளமாக வைத்துக்கொண்டார். கிடைத்ததை அதன்மேல் அடுக்கினார்.

2016இல் அவர் இறக்கும்போது வயசு நூறைத் தாண்டியிருந்தது. அந்த நீளமான வாழ்க்கைக்குப் பழைய சோறுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கஞ்சித் தண்ணிக்குக் கையேந்திய தலைமுறையில் பிறந்த ஒருவர் சோற்றுத் தண்ணியை அவ்வளவு மரியாதையாகப் பேசியது எனக்குப் புரிகிறது.

தம்பிக்குப் பதில்

சரி தம்பி, உங்க கேள்விக்கு வருவோம். நான் டாக்டர் இல்லை, டயட் சொல்லித் தருபவனும் இல்லை. வரலாறு படிக்கிறவனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பலசாலிகள் யாரும் பசியை அடக்கிப் பலசாலி ஆகவில்லை. காமாவுக்குப் பசி வரும் முன்னே பால் வந்தது. ஐச் பசி வரும் என்று தெரிந்து முந்தின ராத்திரியே சோற்றில் தண்ணி ஊற்றிவைத்தார். பதினோரு மணிப் பசிக்கான பதில் பதினோரு மணியில் இல்லை. காலையில் நீங்க விட்டுட்டுப் போன அந்த நாலாவது இட்லியில் இருக்கு. மத்தியானம் போடாத ஒரு கரண்டிப் பருப்பில் இருக்கு. பவுடர் டப்பா வாங்கக் காசில்லையே என்று வருத்தப்படாதீங்க. ஊறவைத்த கொண்டைக்கடலை, வேர்க்கடலை, முட்டை, வாழைப்பழம். எங்க மாஸ்டர் சொன்ன பட்டியல் இவ்வளவுதான்.

அதோட, வீட்டில் வாயைத் திறந்து கேளுங்க. நான் கேட்கவே இல்லை. மாஸ்டர்தான் ஒருநாள் எங்க அப்பாவைக் கடைவீதியில் பார்த்துச் சொல்லிவிட்டார். அந்த வாரத்திலிருந்து வீட்டுக்கு அட்டை முட்டை வர ஆரம்பித்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா தவறிப்போய் இப்போது ஆறு வருஷம் ஆகிறது. போன பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது அவருடைய பழைய கணக்கு நோட்டுகள் கிடைத்தன. 2004, செப்டம்பர் பக்கம். பால், அரிசி, சீட்டுப் பணம், அதுக்குக் கீழே 'முட்டை (பெரியவனுக்கு)'. முந்தின மாசப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். அதில் முட்டை இல்லை. ஆனால் ரெண்டு வரி இருந்தது. வார இதழ், சாயங்கால டீ. செப்டம்பரில் அந்த ரெண்டும் இல்லை. அடுத்த மூணு வருஷத்திலும் இல்லை.

காமாவுக்கு ஒரு மகாராஜா. ஐச்சுக்கு ஒரு ஜெயில், பிறகு அவருடைய இளநீர்க் கூடை. எனக்கு அந்த ரெண்டு வரி. உங்க வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும் தம்பி. சோறு போடறாங்கன்னா, தண்ணி குடிச்சுட்டுப் படுக்காம எழுந்து சாப்பிடுங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.